குட்டிப் பாம்பு சாப்பிட மாட்டேங்குதா? அந்தப் பட்டினிக்குப் பின்னால் இருக்கும் கதை!

"வாங்கி மூணு வாரம் ஆச்சு ப்ரோ. எலி வச்சா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது. என்ன பண்றது?"

வெளிநாட்டுப் பாம்பு வளர்க்க ஆரம்பிக்கும் இளைஞர்கள் பலருக்கும் வரும் முதல் பிரச்னை இதுதான். நாய்க்குட்டி சாப்பிடலைன்னா தெருமுனை மெடிக்கல்காரர்கூட ஏதாவது யோசனை சொல்வார். பாம்புக்கு யாரைக் கேட்பது? அம்மாவிடம் கேட்டால் முதலில் பாம்பு வெளியே போகணும், அடுத்து நாம் வெளியே போகணும். கடைசியில் யூடியூப்தான் கதி. அங்கே பாதிப் பேர் 'பால் பைத்தான் மாசக்கணக்கில் சாப்பிடாம இருக்கும், டென்ஷன் ஆகாதீங்க' என்கிறார்கள். மீதிப் பேர் 'வாயைத் திறந்து ஊட்டிவிடுங்க' என்கிறார்கள். இந்த இரண்டையும் நம்பிச் செத்த குட்டிகள் உண்டு.

இது ஏதோ சில பேரின் விநோதப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 ஏப்ரல் மாதக் கடைசியில், கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. அதே வருஷம் ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் ஒரே டிராலி பேக்கில் 47 மலைப்பாம்புக் குட்டிகளும் 2 பல்லிகளும். அதுவும் கோலாலம்பூர் விமானம்தான். 2024 ஏப்ரலில் பாங்காக்கிலிருந்து பெங்களூரு வந்தவரிடம் 10 மஞ்சள் அனகோண்டாக்கள். அந்த ஆண்டின் கடைசியில் யூடியூபர் டி.டி.எஃப். வாசன் பாம்போடு வீடியோ போட, வனத்துறை விசாரணையில் இறங்கியது. 'பாம்பு வளர்க்கலாமா, கூடாதா' என்று தமிழ்நாடே நாலு நாள் பேசியது.

பிடிபட்டது இவ்வளவு. பிடிபடாமல் வந்த குட்டிகள் எங்கே போகும்? யாரோ ஒருவரின் பெட்ரூமில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள், சாப்பிடாமல் சுருண்டு கிடக்கும்.

காயல்பட்டினத்தை எடுத்துக்கோங்க. தூத்துக்குடி கடற்கரையில் முத்துக்கும் ரத்தினக்கல்லுக்கும் பேர்போன பழைய துறைமுக ஊர். பல வீடுகளில் வாப்பாவோ காக்காவோ ஹாங்காங்கிலோ கொழும்பிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். வெளிநாட்டுச் சாமான் இந்த ஊருக்குப் புதுசில்லை. ஹாங்காங்கில் இருக்கும் மச்சான் வீடியோ காலில் ஒரு குட்டிப் பாம்பைக் கையில் சுத்திக் காட்டினால், இங்கே இருக்கும் 19 வயசுப் பையனுக்கு 'நமக்கும் ஒண்ணு வேணுமே' என்று தோன்றுவது இயல்பு. அப்புறம் ஒரு டெலிகிராம் குரூப், ஒரு ஆன்லைன் பேமென்ட், சென்னையிலிருந்து வரும் ஆம்னி பஸ்ஸில் ஒரு அட்டைப்பெட்டி. இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் எந்த ஊருக்கும் பொருந்தும் காட்சி.

பெட்டியைத் திறந்ததும் குட்டி பந்து மாதிரி சுருண்டுகொள்கிறது. அதனால்தான் அதற்குப் பால் பைத்தான் என்று பெயர். இந்த 'பால்' பந்து. குடிக்கிற பால் இல்லை!

பசி இல்லாமல் இல்லை, பயம்!

பால் பைத்தானின் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து பல ஆண்டுகளாக உலகம் முழுக்க ஏற்றுமதியாகிறது. பகலில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் ஒடுங்கிக் கிடக்கும். ராத்திரியில்தான் வெளியே வரும். உடம்பைச் சுற்றிலும் ஏதாவது இடித்துக்கொண்டிருந்தால்தான் அதற்கு நிம்மதி. திறந்தவெளி என்றாலே அதற்குப் பருந்தும் கீரியும்தான்.

அப்படிப்பட்ட உயிரின் பயணத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. பாம்புகளை அனுப்புவதற்கு முன் சில நாள் பட்டினி போடுவது இந்தத் தொழிலில் வழக்கம். வயிற்றில் இரை இருந்தால் வழியில் கக்கிவிடும். கடத்தலில் இன்னும் மோசம். துணிப்பையிலோ சின்ன டப்பாவிலோ அடைத்து, துணிமணிக்கு நடுவே சொருகி, விமானத்தின் சரக்கு அறையில் ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் கிடையாது. குளிரும் சூடும் மாறி மாறி வரும். இறங்கியதும் ஒரு கடை, அங்கிருந்து இன்னொரு ஆள், அப்புறம் பஸ். கடைசியில் உங்கள் வீட்டு டப்பா. இதில் எந்தக் கட்டத்தில் அதற்குப் பசிக்கும்?

ஒரு பாம்பு உண்பதென்றால் அதுவரை இருந்த எச்சரிக்கையை எல்லாம் விட்டுவிடணும். இரையை வளைத்து நெரித்து விழுங்கும் அந்தப் பத்து இருபது நிமிஷம் அதால் ஓடவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. விழுங்கிய பிறகும் நாள்கணக்கில் வயிறு கனத்துக் கிடக்கணும். ஆபத்து இல்லை என்று உடம்பு நம்பினால்தான் வாய் திறக்கும். அதனால் 'எப்படிச் சாப்பிட வைப்பது' என்பதைவிட, 'இந்த இடத்தில் எதைப் பார்த்துப் பயப்படுது' என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

முதல் எதிரி நாமதான். வாங்கின அன்றே கையில் எடுத்து ரீல்ஸ், மறுநாள் ஃப்ரெண்ட்ஸுக்குக் காட்டுதல், மூணாம் நாள் 'இன்னும் சாப்பிடலையே' என்று எலியைக் காட்டுதல். வந்த குட்டியை முதல் ஒரு வாரம் தொடவே கூடாது. தண்ணீர் மாற்ற மட்டும் கையை உள்ளே விடுங்க. ஒரு வாரம் கழித்து முதல் இரை. அதை மறுத்தால் எடுத்துவிட்டு, மறுபடியும் 5-லிருந்து 7 நாள் சும்மா விட்டுடணும். தினமும் எலியை ஆட்டிக் காட்டுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு. தினமும் நடக்கும் இந்த 'தாக்குதலை' பார்த்து, எலி என்றாலே பின்வாங்கும் பழக்கம் குட்டிக்கு வந்துவிடும்.

அடுத்தது கூண்டு. பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கி, உள்ளே எல்.இ.டி. லைட் போட்டு, ஹாலில் டி.வி. பக்கத்தில் வைப்பது நமக்கு அழகு. குட்டிக்கு அது நடுரோடு. குட்டிக்குத் தேவை சின்னப் பெட்டி. அதில் உடம்பு இடிக்கிற அளவுக்கு இறுக்கமான, ஒரே ஒரு வாசல் உள்ள மறைவிடம் இரண்டு: ஒன்று சூடான பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம். விலை கொடுத்து வாங்கணும்னு இல்லை. உடைந்த பூந்தொட்டியைக் கவிழ்த்து வைத்தாலே போதும். மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978-லிருந்து நடக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். விஷம் எடுக்கப் பிடித்த நாகத்தையும் விரியனையும் மண் போட்ட பானைக்குள் விட்டு, மேலே துணியைக் கட்டி வைத்திருப்பார்கள். இருட்டு, இறுக்கம், அமைதி. பாம்பை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

ஏசி போட்ட ரூமில் எப்படிச் செரிக்கும்?

வெப்பம் பற்றி எழுதப்படுவது எல்லாம் அமெரிக்கக் குளிரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 'ஹீட் மேட் வாங்கு, ஹீட் லேம்ப் வாங்கு' என்று லிஸ்ட் போடுவார்கள். காயல்பட்டினத்தில் சித்திரை மாசம் ஹீட் லேம்ப் போட்டால் பாம்பு வெந்துவிடும். நம்ம ஊரில் பிரச்னை நேர்மாறாக இருக்கும். ராத்திரி முழுக்க ஏசி 22-ல் ஓடும் அறையின் மூலையில் பாம்புப் பெட்டி!

பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31-33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 26 டிகிரி வாக்கில் இருக்கணும். நம் கடற்கரை ஊர்களில் வெறும் அறையே பெரும்பாலும் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஈரப்பதமும் கடல்காற்றே தந்துவிடும். ஆனால் ஏசி இரண்டையும் ஒரே அடியில் கெடுத்துவிடும். பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. குளிர்ந்துபோன பாம்பின் வயிற்றில் இரை செரிக்காமல் அழுகிவிடும். உடம்புக்கு அது தெரியும், அதனால் வாயைத் திறக்காது. எவ்வளவு விலைக்கு எலி வாங்கினாலும் இதுதான் நிலைமை. 300 ரூபாய் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று பல குட்டிகளின் பட்டினியைத் தீர்த்துவிடும். மழைக்காலத்திலும் மார்கழியிலும் மட்டும் சூடு கொடுக்க வேண்டிவரலாம். அப்போதும் தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட்டர் வேண்டாம். பாம்பின் வயிற்றுத்தோல் வெந்தால்கூட அது விலகிப் போகாமல் படுத்திருக்கும்.

சரி, இடம் அமைதியாச்சு, சூடும் சரியாச்சு. இப்போ இரைக்கு வருவோம்.

முட்டையிலிருந்து வந்த குட்டி முதல் தோலை உரிக்கும்வரை சாப்பிடாது. வயிற்றுக்குள் மீதமிருக்கும் மஞ்சள்கருவே அதற்குப் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் தோல் உரித்த பிறகுதான் முதல் இரை. அதற்கு முன்பே விற்றுவிடும் வியாபாரிகள் உண்டு. அதனால் வாங்குகிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி விலை இல்லை. 'இதுவரை எத்தனை தடவை சாப்பிட்டிருக்கு, என்ன சாப்பிட்டுச்சு, உயிரோடவா செத்ததா?' என்பதுதான். ஒரு குட்டி ஏற்கெனவே வாரம் ஒன்றாக நாலைந்து முறை உண்டிருந்தால், புது வீட்டில் பழகுவது எளிது. பதில் சொல்லத் தெரியாத ஆளிடம் வாங்காதீங்க.

இரை எவ்வளவு பெரிசு? குட்டியின் உடம்பில் எந்த இடம் தடிமனோ, அந்தத் தடிமன்தான் அளவு. முடி முளைத்துத் துள்ள ஆரம்பித்த சுண்டெலிக்குஞ்சு சரியாக இருக்கும். பால் பைத்தானின் உதட்டோரத்தில் சூட்டை உணரும் குழிகள் வரிசையாக உண்டு. இருட்டில் அது எலியைச் சூடாகத்தான் 'பார்க்கிறது'. ஃப்ரீசரில் இருந்து எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த எலி அதற்கு ஒரு கல் மாதிரி. ஜிப் கவரில் போட்டு, கையால் தொட முடிகிற அளவு சுடுதண்ணீரில் வைத்து, தலைப்பக்கம் நல்லா சூடேறிய பிறகு, துடைத்து, நீளமான இடுக்கியால் வாசல் பக்கம் காட்டுங்க. மைக்ரோவேவ் வேண்டாம். வெடிக்கும். அப்புறம் வீட்டில் யாரும் அந்த ஓவனில் சோறு சூடு பண்ண மாட்டார்கள்.

லைட்டை அணைத்துவிட்டு, ராத்திரி 9 மணிக்கு மேல் முயற்சி பண்ணுங்க. எடுக்கவில்லை என்றால் செத்த எலியை மறைவிடத்தின் வாசலில் வைத்துவிட்டுப் போய்த் தூங்குங்க. காலையில் காணாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். உயிருள்ள எலியை மட்டும் அப்படி விட்டுவிட்டுப் போகவே கூடாது. பாம்பு எலியைத் தின்பது நமக்குத் தெரியும். பசித்த எலி பாம்பைக் கடித்துக் குதறுவது பலருக்குத் தெரியாது.

காட்டில் இளம் பால் பைத்தான்கள் எலியைவிடப் பறவைக்குஞ்சுகளை அதிகம் பிடிப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அனுபவசாலிகள் கையாளும் ஒரு தந்திரத்துக்கு அடிப்படை இதுதான்: கோழிக்குஞ்சின் இறகை எலியின் மேல் தேய்த்து வாசனை ஏற்றுவது. அடம்பிடிக்கும் சில குட்டிகள் இதற்கு மசியும். வீட்டுப் பொறியில் மாட்டிய எலியை மட்டும் போட்டுவிடாதீங்க. அது எலிமருந்து தின்றிருக்கலாம். எலியைக் கொன்ற மருந்து அடுத்து பாம்பையும் கொல்லும்.

"ஏன் வாப்பா, ஒரு கிண்ணத்துல பால் வச்சுப் பாரேன். பாவம், பச்சப்புள்ள மாதிரி கெடக்குது" என்று உம்மா இரக்கப்படலாம். அந்த மனசுக்கு ஒரு சலாம். ஆனால் பாம்பு பாலூட்டி இல்லை, பாலைச் செரிக்கும் வயிறும் அதற்கு இல்லை. நாகபஞ்சமியில் பாம்பு பால் குடிப்பதாகக் காட்டுவது, பல நாள் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்த பாம்பின் தாகம். கிண்ணத்தில் தண்ணீர் வைங்க. ரொம்ப தூரம் பயணித்து வந்த குட்டிக்கு முதல் தேவையே அதுதான். தோல் சுருங்கி மடிப்பு விழுந்திருந்தால் இரையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தண்ணீர் முதலில்.

'மாசக்கணக்கில் சாப்பிடாம இருக்கும்' என்ற கதைக்கு வருவோம். அது பொய்யில்லை. வளர்ந்த ஆண் பால் பைத்தான், இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் உண்ணாமல் இருந்துவிட்டுச் சாதாரணமாகத் திரும்பி வரும். அதன் உடம்பில் ஒன்றரைக் கிலோ எடையும் கொழுப்பும் இருக்கு. நம்ம குட்டியின் மொத்த எடையே 60, 70 கிராம். பணக்காரர் வேலையை விட்டுட்டு ஆறு மாசம் சும்மா இருப்பதும், தினக்கூலிக்காரர் சும்மா இருப்பதும் ஒன்றா? அதனால் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி (சமையலுக்கு வேற வச்சுக்கோங்க!) வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதுங்க. எடை குறையாதவரை பொறுமையாக இருக்கலாம். வந்த நாள் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, வாயில் நுரை, புண் தெரிந்தாலோ அதற்குமேல் உங்கள் வேலை இல்லை, டாக்டர் வேலை.

வாயைத் திறந்து திணிப்பதும் டாக்டர் வேலைதான். குட்டியின் தாடை எலும்புகள் தீக்குச்சி மாதிரி. குழாய் வழியே ஊட்டும்போது மூச்சுக்குழாய் எது என்று தெரியாதவர் கையில் அது சாவு.

வெள்ளத்தில் வந்த குட்டி

இதுவரை பேசியது பெட்டியில் வந்த பாம்பைப் பற்றி. காயல்பட்டினத்தில் பாம்புக்குட்டி கைக்கு வர இன்னொரு வழி உண்டு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இந்த ஊரில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஒரு வருஷத்து மழையைவிட அதிகம், ஒரே நாளில். இப்படி வெள்ளம் வந்தால் வளையெல்லாம் நிரம்பி, மனுஷங்களைப் போலவே பாம்புகளும் மேடான இடம் தேடும். மாடிப்படி, செருப்பு ஸ்டாண்ட், ஈரத்துணி மூட்டை. அப்படி வந்த ஒரு குட்டியை 'அழகா இருக்கே' என்று ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பது எல்லா ஊரிலும் நடக்கும். அப்புறம் அதற்கும் அதே கேள்வி: ஏன் சாப்பிட மாட்டேங்குது?

இதற்குப் பதில் சுருக்கம்: சாப்பிட வைக்க முயற்சி பண்ணாதீங்க. நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. சாரை, நாகம், மலைப்பாம்பு, மண்ணுளி, எதுவாக இருந்தாலும் சரி. சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. உடம்பில் வட்ட வட்டமாகச் சங்கிலிபோல் புள்ளி போட்ட குட்டியை 'மலைப்பாம்புக் குட்டி' என்று தூக்கிக் கொஞ்சியவர்களில் சிலர் தூக்கியது கண்ணாடி விரியனை. விரியன் முட்டையிடாது, குட்டி போடும். பிறந்த குட்டிக்கு முதல் நாளிலிருந்தே விஷம் உண்டு. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறப்பதாக 2000 முதல் 2019 வரையிலான மரணங்களை ஆராய்ந்த ஆய்வு கணக்கிட்டது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்ததும் இந்தப் பின்னணியில்தான். பாட்டிலில் குட்டி இருந்தால் மூடியைத் திறக்காமல் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்க. பாட்டில் எங்கே கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அதே பகுதியில் கொண்டுபோய் விடுவார்கள்.

காயல்பட்டினத்துக்கு உள்ளே தள்ளிப் போனால் தேரிக்காடு. செக்கச்செவேல் மணல், பனை, முந்திரி. இப்படிப்பட்ட பொலபொல மணல்தான் மண்ணுளிப் பாம்புக்குத் தோதான வீடு. 'இருதலைப் பாம்பு, கோடிக்கணக்கில் விலை போகும்' என்ற புரளியால் இந்த அப்பாவி உயிர் படும் பாடு கொஞ்சமில்லை. 2016 முதல் 2021 வரை நாட்டில் 172 முறை மண்ணுளிக் கடத்தல் பிடிபட்டதாக வனஉயிர் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.சி.எஸ். இந்தியாவின் அறிக்கை சொன்னது. 2021-ல் மட்டும் அந்தப் பாம்பை விற்பதற்காகப் போடப்பட்ட 200 யூடியூப் வீடியோக்களையும் அது குறிப்பிட்டது. எடை கூடினால் விலை கூடும் என்ற நம்பிக்கையால் பிடித்தவர்கள் அதற்குத் தீனி திணிக்கப் பார்ப்பார்கள். மண்ணுக்குள் மறைந்து கிடந்து, வளைக்குள்ளேயே எலி பிடிக்கிற பாம்பு அது. சாக்குப்பைக்குள் அது எப்படிச் சாப்பிடும்? இரண்டு தலையும் கிடையாது, கோடியும் கிடையாது. மழுங்கிய வால், அவ்வளவுதான்.

டாக்டரிடம் போகப் பயம்

இந்தப் பிரச்னையின் முடிச்சு இங்கேதான் இருக்கு. சாப்பிடாத பால் பைத்தான் குட்டியை வைத்திருக்கும் பலருக்கு டாக்டரிடம் போகவே பயம். 'லைசென்ஸ் எங்கே'ன்னு கேட்டால்?

சட்டம் என்ன சொல்லுது? அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் பால் பைத்தான் இருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டம் 2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தபோது, சைட்டிஸ் உயிரினங்கள் அதன் நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2024 பிப்ரவரி 28-ல் வந்த விதிகள்படி, இந்த உயிரினங்களை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் மத்திய அரசின் பரிவேஷ் 2.0 தளத்தில் பதிவு செய்யணும். அந்தக் கெடு 2024 ஆகஸ்டோடு முடிந்தது. அதற்குப்பின் வாங்குகிறவர்கள், கைக்கு வந்த 30 நாளுக்குள் பதிவு செய்யணும். விற்கிறவர் 'இந்தியாவுலயே பொரிச்சது, பிரச்னை இல்லை' என்று சொன்னால், தாய்ப்பாம்பின் பதிவைக் காட்டச் சொல்லுங்க. பாதிப் பேர் அதோடு ஆன்லைனில் இருந்து காணாமல் போவார்கள்.

விதி தேவையானதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஆறு மாதத்தில் இது எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது? ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஹெல்மெட்டுக்கு வைக்கும் பேனர் அளவுக்குக்கூட இதற்கு விளம்பரம் இல்லை. 2020 ஜூனில் மத்திய அரசு, வெளிநாட்டு உயிரினங்களைத் தாங்களாகவே அறிவிப்பவர்களிடம் ஆறு மாதத்துக்கு ஆவணம் கேட்பதில்லை என்று ஒரு வாய்ப்பு கொடுத்தது. அதுபோல ஒரு சின்னக் கதவைச் சிகிச்சைக்காவது திறந்து வைத்தால், ஒளித்து வைக்கப்பட்ட குட்டிகள் வெளியே வரும். எங்கிருந்து வந்தன என்ற சரடும் அரசுக்குக் கிடைக்கும். கடத்துகிறவரைப் பிடிப்பதும், ஏமாந்து வாங்கிய 19 வயசுப் பையனை மிரட்டுவதும் ஒரே வேலை இல்லை.

பயந்தவர்கள் எடுக்கும் மோசமான முடிவு ஒன்று உண்டு. 'சாப்பிட மாட்டேங்குது, காட்டுல விட்டா தானே பிழைச்சுக்கும்' என்று கருவேலங்காட்டில் விட்டுவிடுவது. சாப்பிடவே தெம்பில்லாத 60 கிராம் குட்டி அங்கே ஒரு வாரம்கூடத் தாங்காது. தாங்கினால் அது இன்னொரு சிக்கல். 2017-ல் நம்ம இருளர் சமூகத்து வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனது எதற்கு? வளர்ப்புப் பிராணி வணிகத்தால் அங்கே காட்டில் கலந்து பெருகிய பர்மா மலைப்பாம்பைப் பிடிக்கத்தான். அவர்கள் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த மலைப்பாம்புகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

வைத்திருக்க முடியாதென்றால் மாவட்ட வன அலுவலகத்தில் ஒப்படைப்பதுதான் வழி. நேராகப் போகத் தயக்கம் என்றால் ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு போங்க, குட்டி இன்னும் உயிரோடு இருக்கும்போதே. சிகிச்சை என்றால், காயல்பட்டினத்தில் இருந்து திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி போய்வரும் தூரம்தான். ஊர்வன பார்க்கும் டாக்டர் இருக்கிறாரா என்று முதலில் போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. துணிப்பையில் போட்டு, காற்றுத்துளை உள்ள டப்பாவில் வைத்து, வெயில் படாமல், பஸ்ஸில் ஏசிக் காற்று நேராக அடிக்காத சீட்டில் உட்கார்ந்து போங்க. கையோடு நாலு தகவல் வேணும்: வாங்கின தேதி, வாராவாரம் எழுதிய எடை, பெட்டியின் இரண்டு பக்கச் சூடு, கடைசியாக எப்போது கழித்தது. முடிந்தால் அந்தக் கழிவையும் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துட்டுப் போங்க. வயிற்றுப் புழுவா, வேறு தொற்றா என்று பார்க்க டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.